லாங்ஹார்ன்ஸ் 2025: என் கணக்கு 10-2

மக்களே, நம்ம லாங்ஹார்ன்ஸ் (டெக்சாஸ் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி) இந்த சீசன்ல 10 ஜெயிச்சு 2 தோக்கும்னு என் கணக்கு. ஆகஸ்ட் 30 சனிக்கிழமை, டெக்சாஸ் நேரம் காலை 11 மணிக்கு கொலம்பஸ்ல ஒஹாயோ ஸ்டேட் அணிகூட நம்ம முதல் ஆட்டம். ஜனவரில அவங்ககிட்ட தோத்த அரையிறுதி எனக்கு இன்னும் ஆறல. நமக்கு கோல் கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம்! அங்கிருந்து பின்னாடி போய், கடைசில அவங்க தடுப்பு வீரர் சாயர் பந்தைப் பிடுங்கிட்டு 83 கெஜம் ஓடினார். 28-14.

திட்டாதீங்க, இந்த முதல் ஆட்டமும் போயிரும்னுதான் நினைக்கிறேன். நம்ம குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) ஆர்ச் மேனிங் மேல சந்தேகமே இல்ல. அவரைக் காக்க முன்னாடி வரிசையா நிக்கிற அஞ்சு பேர் (லைன்)தான் கவலை. போன வருஷ லைன்ல நாலு பேர் கிளம்பியாச்சு. புது ஆளுங்க, ஒரு லட்சம் பேர் கத்துற மைதானம்.

அக்டோபர் 4 ஃப்ளோரிடால வயித்தைக் கலக்கும், ஆனா ஜெயிப்போம். 11ஆம் தேதி டாலஸ்ல ஓக்லஹோமாவையும்தான். நவம்பர் 15 ஜார்ஜியா ஊர்லயே போய் ஆடணும். போன சீசன்ல ரெண்டு தடவை அடிச்சாங்க, தோல்விதான். நவம்பர் 28 டெக்சாஸ் ஏ அண்ட் எம் நம்ம ஊர் ஆஸ்டினுக்கு வர்றாங்க. ஜெயிப்போம், அதுல பேச்சே இல்ல.

10-2 எடுத்தா 12 அணி பிளேஆஃப்ல (தேசிய சாம்பியனை முடிவு பண்ற நாக் அவுட் சுற்று) இடம் கிடைச்சிரும். உங்க கணக்கை வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள போடுங்க. ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் எடிட் பண்ணினா செல்லாது.