'கூடும்' என்ற ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆர்க்டிக் கட்டுரையில் இப்படி ஒரு வரி: "நிரந்தர உறைபனி உருகுவதால் ஓடைகளில் கரிமப் பொருளும் சத்துகளும் கூடும், மீன்வளம் பெருகும்." இரண்டு தரம் படித்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. அந்தக் 'கூடும்' சில ஊர்களுக்குச் சரி, சில ஊர்களுக்கு நேர்மாறு. 'பெருகும்' என்று எழுத எந்த ஆதாரமும் இல்லை.

வருடம் முழுதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணில் (கட்டுரை 'நிரந்தர உறைபனி' என்பது இதைத்தான்) கோடையில் மேலே இளகும் மண்ணடுக்கு வருடத்துக்கு வருடம் ஆழமாகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஆழத்தில் என்ன மண் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேற்கு சைபீரியாவில் மக்கிய தாவரப் படுகை பல மீட்டர் கனம். நீர் எவ்வளவு கீழே இறங்கினாலும் தேயிலைத் தண்ணீர் நிறத்தில்தான் வெளியே வரும். அங்கே கரிமம் கூடும். அலாஸ்காவின் யூகான் படுகையில் மக்கிய அடுக்கு மெல்லியது, அதன் கீழே வண்டலும் களிமண்ணும். முன்பு மேலடுக்கிலேயே வழிந்தோடிய நீர் இப்போது களிமண்ணுக்குள் இறங்குகிறது. இரும்பு, அலுமினிய ஆக்சைடு படிந்த துகள்கள் கரைந்த கரிமத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்கின்றன. 1978-80 அளவீடுகளை 2001-03 அளவீடுகளோடு ஒப்பிட்டால், நீரோட்ட அளவைக் கழித்துப் பார்த்தாலும், யூகான் ஆறு கோடையில் சுமக்கும் கரைந்த கரிமம் குறைந்திருக்கிறது. கனடாவின் பீல் பீடபூமியிலும் இதே கதைதான். உறைமண் இளகிச் சரிந்து விழும் சேறு கலந்த பிறகு ஓடையின் கரைந்த கரிமம் பல இடங்களில் குறைகிறது.

சைபீரியாவின் கொலிமா ஆற்றங்கரையில் நிலைமை வேறு. அங்கே யெடோமா எனப்படும் பனியுகக் காலத்து மண், 20,000 வருடங்களுக்கு மேல் உறைந்து கிடந்தது. இளகிய மண்ணிலிருந்து வழியும் அந்த நீரைப் பாட்டிலில் பிடித்து வைத்தால், 14 நாளில் கரைந்த கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. அசிட்டேட் போன்ற சிறு மூலக்கூறுகள் அதில் நிறைய. செரிக்க நேரமே ஆகாது. கடலை எட்டும் முன்பே அது தீர்ந்துவிடக்கூடும் என்பதால், கடல் முகத்துவாரத்தில் மட்டும் அளந்துவிட்டு 'மாற்றமில்லை' என்று எழுதுவதும் தவறுதான். போன வருடம் தங்கள் இதழே அப்படி எழுதியது.

மீனுக்கு வருகிறேன். அலாஸ்காவின் குபாருக் ஆற்றில் 1983 முதல் கோடைதோறும் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். முதலில் கல்லில் வழுவழுப்பான பாசி தழைத்தது, கிரேலிங் மீன் வேகமாக வளர்ந்தது. ஏறக்குறைய எட்டு வருடம் கழித்து மாஸ் எனும் தாவரம் ஆற்றுப் படுகையை மூடி, அந்தப் பாசியை ஒதுக்கிவிட்டது. தமிழில் இரண்டையும் பாசி என்றே சொல்கிறோம், ஓடைக்கு இரண்டும் ஒன்றல்ல. அதுவும் தெளிந்த நீரில் சத்து மட்டும் சேர்த்தபோது நடந்தது. மண் சரிந்தால் சத்தோடு சேறும் வரும். 2003-இல் அதே அலாஸ்காவின் டூலிக் ஆற்றோரம் உறைமண் இளகித் திறந்த ஒரே ஒரு ஓடை வெட்டு கொட்டிய வண்டல், 132 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பக்கத்துப் படுகை 18 வருடத்தில் தருவதைவிட அதிகம். அம்மோனியமும் பாஸ்பேட்டும் கூடவே உயர்ந்தன. வெளிச்சம் புகாத சேற்றுக்கு அடியில் எந்தப் பாசி வளரும், முட்டை எப்படிப் பொரியும்? அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில், உறைமண் இளகி வெளிவந்த இரும்பால் 75 ஓடைகள் ஆரஞ்சு நிறமானதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

அட்டவணையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐந்து ஆறுகளின் எண்களை வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள், எந்த மாதம் எடுத்த மாதிரி என்று இல்லை. வருடக் கரிமத்தில் பெரும்பங்கு மே, ஜூன் வெள்ளத்தில் போய்விடும். ஆகஸ்ட் மாதிரியை 12-ஆல் பெருக்கினால் வருடக் கணக்கு ஆகாது. வடிகட்டியின் துளை 0.45 மைக்ரானா 0.7 மைக்ரானா என்பதும் இல்லை. மண் சரிந்து சேறான நீரில் கண்ணாடி இழை வடிகட்டி சில மடக்குத் தண்ணீரிலேயே சேறடைத்து நின்றுவிடும். அழுத்தித் தள்ளினால் களிமண் நழுவி வந்து எண்ணைக் கெடுக்கும். வடிகட்டியை முதலில் 450 டிகிரியில் சுட்டெடுக்காவிட்டால் அதிலுள்ள கரிமமே கணக்கில் ஏறும். கரிமத்துக்கு எடுத்த நீரை அமிலமிட்டு இருட்டில், குளிரில் வைக்க வேண்டும். உறைய வைத்தால் பழுப்புப் பொருள் திரிதிரியாகப் பிரிந்து அடியில் படியும், நிற அளவீடு வீண். சத்துக்கு எடுத்ததை உடனே வடிகட்டி உறைய வைக்கலாம், பாட்டிலில் கால் பங்கு காலியாக விட்டு. இத்தனை கவனத்தோடு எடுத்த எண்களைத் தேதியில்லாமல் அச்சிடுவது அந்த உழைப்புக்குச் செய்யும் நியாயமா, ஐயா?

பழைய மனக்குறைகளும் உண்டு. உறைமண் கட்டுரைக்குப் பனிப்பாறைப் படம். 'கரிமப் பொருள்' வர வேண்டிய இடத்தில் 'இயற்கைப் பொருள்'. வடக்கு உறைமண்ணில் உள்ள கரிமம் ஏறக்குறைய 1,500 பில்லியன் டன், அதாவது 1.5 லட்சம் கோடி டன். தாங்கள் அச்சிட்டது 15,000 கோடி. அப்போதே எழுதினேன், பதில் இல்லை. 'உருகுகிறது' என்பதும் உறுத்துகிறது. இரண்டு வருடமாவது தொடர்ந்து பூஜ்ய டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் எந்த மண்ணும் பாறையும் உறைமண்தான், அதில் பனிக்கட்டி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பனிக்கட்டி உருகும், மண் இளகும்.

அடுத்த இதழில் இரண்டு வரி போதும்: 'கூடும்' என்பது மண்ணைப் பொறுத்தது என்று ஒரு வரி, 1.5 லட்சம் கோடி என்ற திருத்தம் ஒரு வரி. அட்டவணையை மறுபடி போடுவதானால் ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் மாதத்தைச் சேர்த்துவிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
நீர்வேதியியல் ஆய்வாளன்