பேரணிக்கு வந்த வேன் புகாருக்கும் வருமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெண்கள் பாதுகாப்புப் பணியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன நவம்பர் 25 அன்று, பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாள் பேரணிக்காக எங்கள் ஊர் வேப்பமரத்தடிக்கே வேன் அனுப்பினீர்கள். குழுப் பெண்கள் பதினான்கு பேர் ஏறி வந்தோம். பதாகை பிடித்தோம், உறுதிமொழி எடுத்தோம், டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டோம். இருட்டுவதற்குள் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டீர்கள். நன்றி. அந்த வேனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளைப் பற்றித்தான் இந்த மடல்.

தை மாதக் கடைசியில் அவள் கணவன் விறகுக்கட்டையால் அடித்ததில் இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தக்காளி பறிக்கப் போனாள். மூன்றாம் நாள், "அக்கா, அன்றைக்குக் கூட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று சொன்னார்களே, அவரைப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

குடும்ப வன்முறைப் புகாரை வாங்கும் அந்த அலுவலரைப் பார்க்க, விடிவதற்கு முன்பே கிளம்பினோம். எங்கள் ஊரில் முதல் பஸ்ஸில் யார் ஏறினார்கள் என்பது டீக்கடைக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டு பஸ் மாறி மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அலுவலர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அதுவும் அவர் வேலைதான். அங்கிருந்தவர் ஆதாரின் நகலைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை அசலைக் கொண்டுவரச் சொன்னார். அசல் கணவனின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. இவள் நகலோடு வந்ததே அதனால்தான்.

திரும்பும் வழியில் அவள் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றாள். வலிக்காக என்று நினைத்தேன். வீட்டில் "எங்கே போனாய்?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு ஓபி சீட்டு வேண்டுமாம். அவன் படித்துப் பார்ப்பானே என்று பயந்து, டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். அந்த அடிக்கு அரசாங்கத்திடம் இருக்கும் ஒரே பதிவு அதுதான்: வழுக்கி விழுந்தது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாள், நாளையும் நேரத்தையும் முன்கூட்டி அறிவித்து, பாதுகாப்பு அலுவலர் தாலுகா தலைநகரத்துக்கு வர வேண்டும். அங்கேயே உட்கார்ந்து, அடிபட்டவள் சொல்வதைப் பதிவு செய்யும் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையை எழுதிக்கொள்ள வேண்டும்.

மகளிர் உதவி எண் 181-க்குப் பேசலாமே என்பீர்கள். அவள் வீட்டில் இருப்பது ஒரே செல்போன், அது அவன் சட்டைப் பையில் இருக்கிறது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே என்பீர்கள். உண்மைதான், ஆனால் போன கூலியை எந்தக் கண்டக்டரிடம் கேட்பது? 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, நீதிமன்றத்தில் மனு கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டுமாம், அறுபது நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டுமாம். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மனு எழுதப்பட்டால்தானே அந்த மூன்று நாளில் முதல் நாள் தொடங்கும்?

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 1992-இல் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் பழங்குடிப் பெண்களுக்கு வனத்துறை, போலீஸ் சீருடைக்காரர்களே செய்த கொடுமைக்கு 2011-இல்தான் தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 2023 ஆகிவிட்டது. அந்த ஊரில் சிறுமியாக இருந்தவர்கள் நடுவயதைத் தொட்டுவிட்டார்கள். அதற்கு நடுவே எத்தனை உறுதிமொழி, எத்தனை கோலப்போட்டி! கோலத்தில் "பெண்மையைப் போற்றுவோம்" என்று எழுதி நானே ஒரு எவர்சில்வர் டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கிறேன்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். புதுக் கட்டடம் கேட்கவில்லை. அஞ்செட்டியானாலும் பென்னாகரமானாலும் தாலுகா அலுவலகத்தில் ஒரு மேசை போட இடம் இருக்கும். சந்தை நாளாகப் பார்த்து வையுங்கள். சந்தைக்குப் போகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆதாரின் நகல் போதும் என்றும் சொல்லி அனுப்புங்கள்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவள் யாரென்று எங்கள் டீக்கடைக்குத் தெரிந்துவிடும். எந்தத் தாலுகாவில் தொடங்கினாலும் சரி, நாளைச் சொல்லுங்கள். அவளை நான் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
மகளிர் குழு ஊக்குநர் ஒருத்தி