தூபக்காலுக்குப் புளி போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வீட்டு அலங்காரக் கட்டுரையைப் படித்தேன். சீனத் தூபக்கலசம், ஜப்பான் பீங்கான் கலசம், பர்மா அரக்குப் பெட்டி, தரையோடு ஒட்டிய தாழ்வான மேஜை என்று ஒரு கூடத்தையே ஆசியப் பொருள்களால் நிரப்பிக் காட்டியிருந்தீர்கள். படங்கள் அருமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: பழைய பித்தளைத் தூபக்காலைப் புளி போட்டுத் தேய்த்து, பட்டறையில் கொடுத்து பாலிஷ் போட்டுக்கொண்டால் புதுசு மாதிரி ஆகிவிடுமாம். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். புதுசு மாதிரி வேண்டுமென்றால் புதுசையே வாங்கிவிட்டுப் போகலாமே!

கோபிசெட்டிபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு எவர்சில்வரோ குக்கரோ கொடுப்பது எங்களுக்கு அன்றாட வியாபாரம். எடுத்த பழசெல்லாம் மூட்டை கட்டி உருக்கப் போய்விடும். அதில் தூபக்கால் வந்தால் மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்வேன். அப்படிச் சேர்ந்ததுதான் என் சேகரிப்பு. சீனத்து உருப்படி, ஜப்பான் உருப்படியெல்லாம் அப்புறம் ஆசைப்பட்டு வாங்கியவை.

பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பளபளப்பு மேலே ஒட்டுவதில்லை, உலோகம்தான் தேய்ந்து போகிறது. சூடும் கையும் பட்டுப் பட்டு ஏறிய தேன் நிறம் முதலில் போகும். அப்புறம் செதுக்கிய கோடுகளின் ஓரம் மழுங்கும். சீனத்துக் கலசம் சேர்ப்பவர்கள் அந்த நிறத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். சீனாவின் மிங் வம்ச அரசர் சுவான்தே ஆண்டது 1425 முதல் 1435 வரை. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த செம்பைத் திரும்பத் திரும்பப் புடம் போட்டு, 1428-ல் அவர் கலசங்கள் வார்க்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அந்தப் பெயரிலேயே பிறகு வந்த பட்டறைகளெல்லாம் வார்த்துத் தள்ளின. அடியில் கட்டத்துக்குள் ஆறு சீன எழுத்துகள் இருக்கும், சுவான்தே காலத்தில் செய்தது என்று. இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் அந்த முத்திரைக் கலசங்களில் ஏறக்குறைய எல்லாமே அவருக்கு ரொம்பப் பிந்தியவை. அதனால் மட்டமானவை என்று அர்த்தமில்லை, மிங்குக்கு அடுத்து ஆண்ட சிங் வம்ச காலத்து நல்ல வேலைப்பாடுகளும் அதில் உண்டு. உங்கள் கட்டுரையாளர் முத்திரையைப் பார்த்துவிட்டு அறுநூறு வருடப் பழசு என்று எழுதியிருக்க வேண்டாம்.

ஜப்பான் பொருளில் வயது பார்ப்பது இன்னும் சுலபம். 1876-ல் அங்கே சாமுராய்கள் வாள் தரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. வாளுக்கு அணிவேலை செய்துகொண்டிருந்த கைகளெல்லாம் பூச்சாடிக்கும் தூபக்கலசத்துக்கும் திரும்பி, வெளிநாட்டு ஏற்றுமதிக்குச் செய்ய ஆரம்பித்தன. வாங்கும் அமெரிக்காவோ 1891-லிருந்து, பொருளில் எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதியிருக்க வேண்டும் என்றது. அதனால் ஆங்கிலத்தில் 'நிப்பான்' (ஜப்பானியர் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயர்) என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. 'ஜப்பான்' என்று இருந்தால் பெரும்பாலும் 1921-க்குப் பிந்தியது. என்னிடம் ஒருவர் 'மேட் இன் சைனா' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த கலசத்தைக் காட்டி முந்நூறு வருடப் பொருள் என்று சத்தியம் செய்தார். அந்தக் காலத்தில் யாருக்குப் படிக்க ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்களோ!

சரி, நம் ஊர்ச் சரக்குக்கு வருகிறேன். நம்பியூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா கட்டைப்பையில் ஒரு தூபக்காலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "எங்க அமுச்சி காலத்துதுங் கண்ணு, அட்டாலியில கெடந்துது. எடை போட்டுட்டு ஒரு குக்கர் குடு" என்றார். எங்கள் பக்கம் அமுச்சி என்றால் பாட்டி, அட்டாலி என்றால் பரண். மூன்று கால், தாமரை இதழ் விளிம்பு, பின்னால் நீளமான பிடி, பிடியின் முனையில் மயில். கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் மயிலின் கொண்டை தேய்ந்து வெறும் மேடாக இருந்தது. ஒரு கால் உடைந்து, யாரோ கொல்லர் இரும்புக் கடாவி அடித்து மாட்டியிருக்கிறார். உள்ளே கங்கு விழுந்து விழுந்து நடுப்பகுதி மெலிந்து, தட்டினால் ஓரத்துக்கும் நடுவுக்கும் சத்தம் வேறாகக் கேட்டது. பச்சை சாயம் பூசிப் பழசாக்கின பொருளில் இதெல்லாம் வராது. அதில் கை படாத மூலையிலும் கை படும் பிடியிலும் ஒரே மாதிரி களிம்பு அப்பியிருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும்.

அந்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். "இதை வெச்சுட்டு நான் என்னுங்க பண்றது, இப்பெல்லாம் கம்ப்யூட்டர் சாம்பிராணிதானே" என்றார். உண்மைதான். கொட்டாங்குச்சி கரி போட்டு, ஊதிக் கங்காக்கி, வெள்ளிக்கிழமை வீடு முழுக்கப் புகை காட்டியதும், குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்குக் காட்டியதும் கப் சாம்பிராணி வந்ததோடு ஏறக்கட்டியாயிற்று. வேலையில்லாத தூபக்கால் எடைக்குப் போகிறது. இங்கே கிலோக் கணக்கில் போட்டுவிட்டு, மேஜைக்கு அழகாக இருக்கட்டும் என்று பல மடங்கு விலையில் எங்கிருந்தோ ஒன்றை வரவழைக்கிறோம். ஆசியப் பொருள்தான் வேண்டுமென்றால், கொங்கு நாடும் ஆசியாவில்தானே இருக்கிறது? சாம்பிராணியே சுமத்ரா, லாவோஸ் காட்டு மரங்களில் வடியும் பிசின்தான்.

வெளிநாட்டுக் கலசத்தையே வாங்கினாலும் தப்பில்லை, ஆனால் அதை நம் வழக்கப்படி பற்றவைக்காதீர்கள். சீன, ஜப்பான் கலசத்தில் கரி நேராக அடியில் உட்காராது. பாதிக்கு மேல் சாம்பல் நிரப்பி, அதற்குள் கங்கைப் புதைப்பார்கள். ஜப்பானில் அதன்மேல் மெல்லிய அப்ரகத் தகடு வைத்து, வாசனைக் கட்டையைச் சூடு மட்டும் படும்படி வைப்பார்கள். கட்டை எரியாது, புகையும் பெரிதாக வராது. நம் ஆட்கள் பீங்கான் கலசத்தில் செக்கச்செவேலென்ற கங்கை நேராகக் கொட்டினால் அது விரிசல் விடாமல் என்ன செய்யும்? கோபிப் பக்கம் உமிச்சாம்பலுக்குப் பஞ்சமில்லை. நன்றாகச் சலித்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

அரக்குப் பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. ஈரக்காற்று உள்ள நாட்டில் மூங்கிலிலும் மரத்திலும் செய்தவை அவை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்கும் கோவை, பொள்ளாச்சி வீடுகளில் ஜன்னலோரம் வைத்தால் காய்ந்து பூச்சு வெடிக்கும். உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். தாழ்வான மேஜைக்குக் கீழே எதற்கு வெளிநாட்டுக் கம்பளம்? பவானி ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள், அந்தச் சிவப்பும் பச்சையும் கறுப்பு அரக்குக்குப் பக்கத்தில் நன்றாகவே எடுக்கும்.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான விஷயம் சட்டம். 1972-ல் இயற்றி 1976-ல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அமுச்சியின் தூபக்காலைப் பெட்டியில் வைத்து அனுப்பும் முன், தொல்லியல் துறையிடம் காட்டி அது தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கிக்கொள்வது நல்லது. நான் சேர்ப்பதோடு சரி, எதையும் விற்பதில்லை. கோயில் பெயர் வெட்டிய தூபக்காலோ மணியோ விலைக்கு வந்தால் தொடவே தொடாதீர்கள், எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் சரி.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்தப் பாலிஷ் வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, இடுக்கில் சேர்ந்த தூசியை மெத்தென்ற பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். புளி, எலுமிச்சை, பீதாம்பரி மூன்றும் வேண்டாம். அப்படியே வாசகர்களிடம் அவர்கள் வீட்டு அட்டாலியில் கிடக்கும் தூபக்கால்களின் படத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வயது பார்க்க அதுதான் உதவும்.

இப்படிக்கு,
ஒரு பாத்திரக்கடைக்காரர்,
கோபிசெட்டிபாளையம்.