பிளிமத்திலிருந்து ஒரு பிடி மணல்

அன்புள்ள கணேசா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நிம்மதி. ஆனால் நாலாம் நாளே வயலுக்குப் போய் நின்றாயாமே, தங்கச்சி போனில் சொன்னாள். உன்னை என்ன செய்வது?

மாப்பிள்ளை போன வாரம் எங்களை கரீபியன் கடலில் இருக்கும் இந்த ஆன்டிகுவாவிலிருந்து பக்கத்துத் தீவான மான்செராட்டுக்கு அழைத்துப் போனார். குட்டி விமானம், இருபது நிமிடம். அங்கே சூஃப்ரியேர் ஹில்ஸ் என்று ஓர் எரிமலை. 1995 ஜூலையில் விழித்துக்கொண்டு, தலைநகர் பிளிமத்தையே மூடிவிட்டது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். ஒரு கட்டடத்துக்குள் குனிந்து எட்டிப் பார்த்தேன். வாசல் என்று நினைத்தது மாடி ஜன்னல்! கீழ்த்தளம் என் காலுக்கடியில் இருந்தது. வெறும் சாம்பல் என்றால் கூட்டித் தள்ளியிருக்கலாம். ஒவ்வொரு மழைக்கும் மலையிலிருந்து சேறாக இறங்கி, கெட்டித்துப் போயிருக்கிறது.

"விஞ்ஞானிகள் முன்கூட்டியே சொல்லிக் கிழித்தார்களா?" என்று கேட்பாய். காலேஜ் நாளிலிருந்து நமக்கு இதே சண்டைதானே. சொன்னார்கள் அப்பா. 1980-களிலேயே வாட்ஜ், ஐசக்ஸ் என்ற இருவர் மலையை ஆராய்ந்து, பிளிமத்துக்கு ஆபத்து உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். 1989-இல் ஹியூகோ புயல் தீவைப் புரட்டிப் போட்டது. அதன் பிறகு புது மருத்துவமனையை எங்கே கட்டினார்கள் தெரியுமா? அதே பிளிமத்தில். கட்டியவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. 1890-களில், 1930-களில், 1960-களில் என்று மூன்று தடவை பூமி குலுங்கி, மலை ஒன்றும் கக்காமல் அடங்கியிருக்கிறது. நாலாம் தடவை யார் நம்புவார்கள்?

எனக்கு ஆச்சரியம் 1997-இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த விஷயம்தான். நிலத்தின் சாய்வை அளக்கும் ஒரு கருவியை, நம் கொத்தனாரின் ரசமட்டத்துக்குப் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள், உச்சிக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்தார்கள். பல மணி நேரம் மலை மெல்ல உப்பும்; குட்டி நிலநடுக்கங்கள் கூட்டமாக வரும். அப்புறம் சட்டென்று வாயுவும் சாம்பலும் வெளியே வந்து, உப்பியது வடியும். மறுபடி உப்பும். அரை நாளுக்கு ஒரு சுற்று என்கிற மாதிரி. எரிமலைக் குழம்பு, தான் ஏறி வரும் குழாயின் மேல்பக்கத்தில் இறுகி அடைத்துக்கொள்கிறது, அடியில் அழுத்தம் ஏறுகிறது, அடைப்பு நழுவுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

அதே வருஷம் ஜூன் 25 அன்று அப்படி ஒரு சுற்றின்போதுதான் உச்சியில் குவிந்திருந்த பாறை சரிந்து, கொதிக்கும் வாயுவும் பாறைத்தூளுமாகப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. 19 பேர் போய்விட்டார்கள். தடை போட்ட பகுதி என்று தெரிந்தும் பயிரையும் ஆடு மாட்டையும் பார்க்கப் போனவர்கள் அதில் உண்டு. எத்தனை மாதம்தான் முகாமில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது? நீயாக இருந்தாலும் போயிருப்பாய், கட்டுக் கண்ணோடு வயலுக்குப் போனவன்தானே.

எரிமலைக்கு எதிரே ஒரு மேட்டில் ஆய்வு மையம் இருக்கிறது. 2010 பிப்ரவரிக்குப் பிறகு குழம்பு வெளியே வரவில்லை. ஆனாலும் ஜிபிஎஸ் கணக்குப்படி நிலம் இன்னும் துளித்துளியாக உப்புகிறது, கந்தக வாயுவும் நிற்கவில்லை. அதனால் "முடிந்துவிட்டது" என்று மட்டும் அவர்கள் வாயிலிருந்து வராது; "இடைவெளி" என்கிறார்கள். முன்பு 11,000 பேர் வாழ்ந்த தீவில் இப்போது 5,000 பேர்கூட இல்லை. எல்லாரும் வடக்கே.

நீ கட்டட ஆளாயிற்றே, இதையும் கேள். மலை கொண்டுவந்து கொட்டிய மணலை அள்ளி, பிளிமத் துறையிலிருந்தே கப்பலில் ஏற்றி, மற்ற தீவுகளுக்குக் கட்டட வேலைக்கு விற்கிறார்கள். ஒரு பிடி எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மாசியில் வரும்போது கொண்டுவருகிறேன். தேறுமா என்று நீ விரலில் தேய்த்துப் பார்த்துச் சொல்.

அதுவரை கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

உன்,
ராமு