வேலை நிற்பது தெரிந்தே பிரீமியம் வாங்கிவிட்டு இழப்பீட்டை மறுத்தது குறித்துப் புகார்

கோவை,
7.9.2020

அனுப்புநர்:
கட்டட ஒப்பந்ததாரர்,
சரவணம்பட்டி, கோவை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி,
பொதுக் காப்பீட்டு நிறுவனம், சென்னை.

பொருள்: கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி (கட்டுமான வேலைக்கான காப்பீடு) – கிளெய்ம் நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யக் கோருதல்

ஐயா,

ஏப்ரல் 17 இரவு பெய்த கோடை மழையில் எங்கள் சைட்டின் பின்பக்கத் தடுப்புச்சுவர் வேலை மண்ணோடு சரிந்து போனது. அந்தச் சேதம் 'வேலை நின்றிருந்த காலத்தில் நேர்ந்தது' என்று ஒரே வரியில் சொல்லி, ஆகஸ்ட் 24 தேதியிட்ட கடிதத்தில் இழப்பீட்டை மறுத்துவிட்டீர்கள்.

வேலையை நிறுத்தியது நான் இல்லை. மார்ச் 25 காலை அந்தச் சுவருக்குக் கான்கிரீட் போடுவதாக இருந்தோம். கம்பி கட்டி, சென்ட்ரிங் ஷீட் அடித்து, முட்டுக் கொடுத்து, ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. முந்தின நாள் மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தது. அன்றிரவே நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. மறுநாள் ரெடிமிக்ஸ் வண்டி வரவில்லை. ஏப்ரல் 20 வரை கட்டட வேலைக்கு அனுமதியே கிடையாது.

எங்கள் பாலிசி மார்ச் 31-ல் முடிவதாக இருந்தது. மார்ச் 28 அன்று உங்கள் கிளைக்கு மெயில் அனுப்பினேன். 'அரசு உத்தரவால் வேலை நின்றிருக்கிறது, பின்பக்கச் சுவர் பாதியில் நிற்கிறது, ஆறு மாதம் நீட்டித்துத் தாருங்கள்' என்று அதில் எழுதியிருக்கிறேன். உங்கள் கிளை ரூ.38,600 பிரீமியம் கேட்டது. மார்ச் 30 அன்றே கட்டினேன். அன்று மாலையே நீட்டிப்பு எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் திருத்தக் குறிப்பு) வந்தது. வேலை நிற்கும் நாட்களுக்குக் காப்பீடு இல்லை என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. பிரீமியம் கைக்கு வந்தால்தான் ரிஸ்க் தொடங்கும் என்கிறது 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. அப்படியானால் நீங்கள் வாங்கிய பணம் எந்த நாட்களுக்கு? வேலை நின்றிருந்த அதே ஏப்ரல் மாதத்துக்கும் சேர்த்துத்தானே?

உங்கள் பாலிசியிலுள்ள விதிவிலக்கு, வேலை நின்றதால் உண்டான சேதத்தைப் பற்றிப் பேசுகிறது. இங்கே மண்ணைச் சரித்தது மழை. வேலை நின்றதால்தான் சேதம் என்று சொல்வதானால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நாங்கள் சைட்டைக் கேட்பாரற்று விட்டுவிடவும் இல்லை. வாட்ச்மேனும் அவர் மனைவியும் அங்கேயே இருந்தார்கள். மேட்டில் வாய்க்கால் வெட்டி, மணல் மூட்டை அடுக்கி, தார்ப்பாய் கட்டியதை ஏப்ரல் 5 அன்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் காணலாம். அந்தப் படங்கள் சேதத்தை மதிப்பிட வந்த உங்கள் சர்வேயரிடமும் இருக்கின்றன. 40 அடி நீளத்துக்குக் கம்பிக்கூடு வில்லாக வளைந்து சேற்றில் கிடந்ததை அவரும் நேரில் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்துக் காம்பவுண்டும் சேர்ந்து விழுந்தது. அதை என் மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

கொரோனாவால் வந்த எல்லா நஷ்டத்தையும் உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. ஊர் திரும்ப முடியாமல் ஷெட்டில் தங்கியிருந்த 14 ஒடிசா தொழிலாளர்களுக்குச் சாப்பாடு, சும்மா கிடந்த ஷீட்டுக்கு வாடகை, தாமதத்தால் போன பணம் எல்லாம் என்னுடையது. இவற்றில் ஒரு ரூபாயும் கிளெய்மில் இல்லை. நான் கேட்பது சரிந்த சுவருக்கும், அதோடு விழுந்த பக்கத்து காம்பவுண்டுக்கும் மட்டும்தான்.

சர்வேயரின் இறுதி அறிக்கை ஜூன் 9 அன்றே உங்களிடம் வந்துவிட்டது. அவர் மதிப்பிட்ட தொகை ரூ.9,62,000. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2017 பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளின்படி 30 நாளில் முடிவு சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்டது 76 நாள். தாமதத்துக்கு வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது.

நிராகரிப்பை ரத்து செய்து, சர்வேயர் மதிப்பிட்ட தொகையை வட்டியுடன் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். மீண்டும் மறுப்பதானால், மார்ச் 30 எண்டார்ஸ்மென்டில் எந்த வரி எனக்குக் காப்பீடு இல்லை என்கிறது என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் சென்னை காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் செல்வேன். தனி உரிமையாளர் நிறுவனம் என்பதாலும் தொகை ரூ.30 லட்சத்துக்குள் இருப்பதாலும் எனக்கு அந்த வழி உண்டு.

இப்படிக்கு,
உரிமையாளர்