நெடுவலுக்கு, கருவி வாங்குவது பற்றி

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பின் நெடுவல்,

இங்கு எல்லாரும் சுகம். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததென்று தடியன் சொன்னான், மனம் ஆறிற்று. மச்சாளைக் கேட்டதாகச் சொல். புழுக்கொடியல் வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்த அன்றே பாதி போய்விட்டது.

இனி விஷயம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இடவிளக்கப் படத்தோடு வெளியே கூட்டிப் போக வழி தேடுகிறேன், அகலக்கோடு நெடுங்கோட்டு எண்களை வைத்து, யாரோ ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும் ஜியோகேஷிங் என்ற விளையாட்டு ஒன்று இருக்கிறதாம், ஆனால் ஜிபிஎஸ் கருவி வாங்கப் பள்ளிக்கூடத்தில் ஏது காசு என்று குரல் பதிவில் புலம்பியிருந்தாய். மச்சான், அந்தக் கருவி தேவையே இல்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவாய்.

அக்காவின் மூத்தவன் கனடாவிலிருந்து வந்து நிற்கிறான். அங்கே சின்ன வயதிலிருந்தே இதில் திரிகிறவன். கொழும்பிலும் பெட்டிகள் இருக்கின்றன மாமா, வாருங்கள் என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். எங்கே போனோம் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். இடத்தைச் சொல்லிவிட்டால் அடுத்தவனின் தேடலைக் கெடுத்ததாகிவிடும், இந்த ஆட்களிடம் அது பெரிய பிழை. நீ வரும்போது நீயே தேடு.

முதலில் போன் விஷயம். சாதாரண ஸ்மார்ட்போனுக்குள்ளேயே செய்மதிச் சமிக்ஞையை வாங்கும் சில்லு இருக்கிறது. செய்மதி அனுப்புவதைக் கேட்பதற்கு டேட்டா வேண்டியதில்லை. டேட்டா இருந்தால் முதல் தடவை இடத்தைப் பிடிப்பது வேகமாக நடக்கும், அவ்வளவுதான். பெட்டியின் விவரப் பக்கத்தையும் வரைபடத்தையும் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு கிளம்பினால் போதும். மருமகன் என் போனில் சீஜியோ என்ற இலவசச் செயலியைப் போட்டுத் தந்தான். வெட்டவெளியில் ஐந்து மீற்றருக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டது. ஆனால் காலி வீதிப் பக்கம் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறிக்கும், புள்ளி றோட்டின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடும். அந்த இடத்தில் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டியதுதான். விலை கூடிய கருவி வைத்திருக்கிறவனும் கடைசி ஐந்து மீற்றரைக் கண்ணால்தான் தேடுகிறான்.

இனி உனக்கென்று ஒன்று. பிள்ளைகளுக்குப் போனும் வேண்டாம்.

பெட்டிகளைப் பட்டியல் போடும் ஜியோகேஷிங் இணையத் தளத்தில் ஒவ்வொரு பெட்டியின் இடத்தையும் பாகையும் தசமக் கலையுமாகத் தருகிறார்கள், கலை என்பது பாகையின் அறுபதில் ஒன்று. கூகுள் மேப்பில் தசமப் பாகையாக வரும். 6.9271 என்று வந்தால் தசமத்துக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்கு, 6 பாகை 55.626 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், 1,852 மீற்றர் என்று உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. அப்படியென்றால் கலையின் ஆயிரத்தில் ஒன்று 1.85 மீற்றர், இரண்டு எட்டு நடை. நெடுங்கோட்டில் இந்த அளவு துருவப் பக்கம் போகப் போகச் சுருங்கும். 45 பாகையில் இருக்கிறவனுக்கு 1.3 மீற்றர்தான் வரும். கொழும்பு 7 பாகைக்குள், கிளிநொச்சி ஒன்பதரைக்குள். எங்களுக்கு இரண்டு திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவு! கட்டம் போட்ட கணக்குக் கொப்பியை எடுத்து, ஒரு கட்டத்துக்குக் கலையின் ஆயிரத்தில் ஐந்து என்று வைத்துக் குறித்தால் அதுவே சரியான தேசப்படம். இதை நினைத்து எனக்கு இரவு நித்திரை வரவில்லை, நெடுவல். எங்கள் மாஸ்டர் குடையும் கையுமாக நின்று கத்திக் கத்திச் சொன்னதெல்லாம் ஒரு பெட்டியைக் கண்டெடுக்க உதவும் என்று அப்போதே தெரிந்திருந்தால் பின்வாங்கில் இருந்திருப்போமா?

அடுத்த பெட்டிக்கு நாங்கள் போனை வீட்டில் வைத்துவிட்டே போனோம். கணினியில் செய்மதிப் படத்தைத் திறந்து, பெட்டிக்குக் கிட்ட மாறாத அடையாளம் ஒன்றை, ஒரு மதில் மூலையை, எடுத்து அதன் ஆள்கூறை எழுதிக்கொண்டோம். மூலையிலிருந்து பெட்டி வடக்கே ஆயிரத்தில் 22, கிழக்கே 11. அதாவது ஏறத்தாழ 40 மீற்றர், பிறகு 20 மீற்றர். ஒரு திசையறிகருவி, எண்ணி வைத்த எட்டு. போய் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மறைக்கக்கூடிய பொந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பழைய பிலிம் ரோல் டப்பி, உள்ளே சுருட்டி வைத்த கடதாசி. பேனையை மறக்காமல் கொண்டுபோ, சின்னப் பெட்டிக்குள் பேனை இருக்காது. பெயரும் திகதியும் எழுதி, இருந்தபடியே திரும்ப வைத்துவிட வேண்டும். பெரிய பெட்டியென்றால் உள்ளே சின்னச் சின்னச் சாமான்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குக் குறையாத ஒன்றை வைக்க வேண்டும், தின்பண்டம் மட்டும் கூடாது.

பெட்டியைக் கண்டுபிடிக்க உதவும் துணுக்குக் குறிப்பும் உண்டு. அதை நேரடியாகத் தராமல் ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளி எழுதியிருப்பார்கள், ஏ என்றால் என், பி என்றால் ஓ. 26 எழுத்தில் சரிபாதி என்பதால் பூட்டவும் திறக்கவும் ஒரே வழி. உன் வகுப்புக் குரங்குகள் இதை ஒரே நாளில் பிடித்து, வாங்குக்கு வாங்கு கடிதம் அனுப்பத் தொடங்கும், பார்.

தொடங்குகிறவன் எதைத் தெரிவு செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். கடினம், நிலத்தன்மை இரண்டுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்று, ஒன்றரைக்குள் இருப்பதை எடு. அளவு மிகச் சிறியதை விடு. அண்மையில் யாராவது கண்டெடுத்ததாக எழுதியிருக்கிறார்களா என்று பார். வரிசையாகக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டி போய்விட்டது என்று வைத்துக்கொள்.

மருமகன் இந்த விளையாட்டின் கதையையும் சொன்னான். 2000 மே 2 அன்று அமெரிக்கா, ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நிறுத்தியது. 100 மீற்றர் வரை தள்ளிக் காட்டியது, ஒரே இரவில் பத்துப் பதினைந்து மீற்றருக்குள் வந்தது. அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகனில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து, இடத்தை இணையத்தில் எழுதினார். அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனான். எனக்கோ திகதியைக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது.

அந்த மே மாதம் நீயும் நானும் எங்கே இருந்தோம்? சண்டையில் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. கொழும்பு லொட்ஜ் அறையில் மூன்று பேர், தலையணைக்குக் கீழே பொலிஸ் பதிவுத் துண்டு. றோட்டில் எங்கும் நின்று பார்க்காதே, நடந்துகொண்டே இரு என்று தடியனின் அண்ணன் சொல்லித் தந்தார். இந்த நகரத்தில் ஒரு தேசப்படத்தை விரித்துப் பிடித்தபடி நிற்பதை நாங்கள் கனவிலும் நினைத்திருப்போமா? அங்கே அவர்கள் வாளியை ஒளித்து விளையாடத் தொடங்கிய கிழமையும் அதுதான்.

இப்போது பெட்டி தேடப் போன அன்று ஒரு வாங்குக்கு அடியில் நானும் மருமகனும் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது செக்யூரிட்டி ஐயா வந்து, மொகத ஹொயன்னே, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். வாய் பதில் சொல்லுமுன் என் கை அடையாள அட்டைக்குப் போய்விட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும்! மருமகனுக்கு அது விளங்கவேயில்லை, அவன் பாட்டுக்குப் போனைக் காட்டி உடைந்த சிங்களத்தில் விளக்கினான். அந்த மனுஷன் சிரித்துவிட்டு, பிள்ளைகள் யாரோ இந்தப் பக்கம் தேடினார்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் அந்த வாங்கில் கொஞ்ச நேரம் இருந்தேன். வெள்ளவத்தையில் இவ்வளவு காலம் இருந்தும் கொழும்பில் நான் நின்று பார்த்த இடங்கள் எத்தனை என்று யோசித்தேன். மிகக் குறைவு, மச்சான்.

நீ செய்யப்போவதில் ஒன்றே ஒன்றுக்கு எனக்குப் பயம். அங்கே பாதையை விட்டு இறங்கவே கூடாது. முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்ற எத்தனை வருடம் போனது என்பது என்னைவிட உனக்குத் தெரியும். இந்த விளையாட்டு, பற்றைக்குள் கையை விடு, கல்லைப் புரட்டு என்று சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு. எங்கள் பிள்ளைகளுக்கு ஊரில் அந்தப் பழக்கம் வரக்கூடாது. தெரியாத பெட்டியைத் தொடாதே என்று சொல்லித்தான் அவர்களை வளர்த்திருக்கிறோம், அதை நாங்களே அழிக்கக்கூடாது. ஆகவே வளவுக்குள்ளேயே வை. அதிபரிடம் கேட்டு, மைதானத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில், வெளியே பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதி ஒட்டிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பாக்களை நீயே வை. எங்கும் புதைக்காதே, ஒளிப்பது மட்டுமே. அனுமதியில்லாமல் நிலத்தைத் தோண்டக்கூடாது என்பது தளத்தின் விதியும்தான். தளத்தில் பதியவும் தேவையில்லை. பதிவதென்றால் காணிக்காரரின் அனுமதி வேண்டும், இன்னொரு பெட்டிக்கு 161 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும், அவர்களின் தன்னார்வலர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளவும் வேண்டும். உனக்கு அது பிறகு.

பிள்ளைகள் தேறிய பிறகு எர்த்கேஷ் என்று ஒரு வகை இருக்கிறது, அதைப் பார். பெட்டியே கிடையாது. பாறை, மணல், கடற்கரை என்று ஓரிடத்துக்குப் போய், நிலம் எப்படி உருவானது என்ற கேள்விகளுக்குப் பார்த்துப் பதில் எழுத வேண்டும். புவியியல் வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தில் உங்கள் பக்கத் தாள் பள்ளிக்கூடத்தில் இல்லையென்றால் எழுது, இங்கே வாங்கி அனுப்புகிறேன். தடியன் அடுத்த கிழமை அந்தப் பக்கம் வருகிறான், திசையறிகருவி நாலு அவனிடம் கொடுத்துவிடுகிறேன், விலை ஒன்றும் பெரிதில்லை. விடுமுறைக்குச் சின்னவனையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வா. 155ஆம் இலக்கப் பஸ்ஸில் மட்டும் ஏறாதே. வரும் திகதியை முன்கூட்டியே சொன்னால் நான் லீவு போடுவேன்.

அன்புடன்,
உன் கண்ணாடி