படித்தவர்கள் போட்ட கையெழுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம். பெர்லினில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்ததில், நம் ஊர் வெயில் இன்னும் உடம்புக்கு ஒத்துவரவில்லை. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். நீ போட மாட்டாய், தங்கச்சியிடம் நான் சொன்னதாகச் சொல்.

தத்துவஞானி கான்ட்டும் இசைமேதை பீத்தோவனும் பிறந்த மண்ணில் ஹிட்லர் எப்படி வந்தான் என்று கேட்டிருந்தாய். பைத்தியக்காரன் ஒருவன் படித்த சனத்தை ஏமாற்றிவிட்டான் என்றுதான் நமக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஒரு சதுக்கம் இருக்கிறது. தரையில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை அலமாரிகள், 20,000 புத்தகம் வைக்கலாம், ஒன்றுகூட இல்லை. 1933 மே 10 அன்று இரவு நாஜிகளுக்குப் பிடிக்காத புத்தகங்களை எரித்த இடம் அது. எரித்தவர்கள் தெருப்பொறுக்கிகள் என்றுதான் நினைத்திருந்தேன். மாணவர்களாம்! பேராசிரியர்களும் கூடவே நின்றிருக்கிறார்கள்.

இதற்கு வேர் எங்கே என்று தேடினால் ரொம்ப தூரம் போகலாம். 1543-ல் புராட்டஸ்டன்ட் சபைக்கு வழிவகுத்த மார்ட்டின் லூத்தர் யூதர்களைத் திட்டி ஒரு புத்தகமே எழுதினார். 1850-ல் இசையமைப்பாளர் வாக்னர் இசைத்துறை யூதர்களைப் பற்றிக் கட்டுரை எழுதி வசை பாடினார், அதுவும் முதலில் புனைபெயரில். அதையெல்லாம் விடு. எனக்கு 1879-தான் முக்கியமாகப் படுகிறது.

அதற்குப் பத்து வருஷம் முன்னால்தான் யூதர்களுக்குச் சட்டப்படி சம உரிமை வந்தது. 1871-ல் ஜெர்மனி ஒரே நாடானபோது அது நாடு முழுவதுக்கும் ஆனது. மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். 1873-ல் பங்குச்சந்தை விழுந்து பலர் கையில் இருந்ததெல்லாம் போனது. பழி போட ஆள் தேடினார்கள். அரசவைப் பாதிரியார் ஸ்டோக்கர் மேடையில் பேசினார். வில்ஹெல்ம் மார் என்ற பத்திரிகைக்காரர் சங்கம் கட்டி, ‘ஆன்டிசெமிட்டிசம்’ என்ற சொல்லைப் பரப்பினார். சொல்லிலேயே சூட்சுமம் இருக்கிறது, பார். செமிட்டிக் என்பது ஹீப்ரு, அரபி முதலான மொழிகளின் குடும்பப் பெயர். அதை எடுத்து ரத்தத்துக்கு மாட்டிவிட்டார்கள். ஞானஸ்நானம் வாங்கினாலும் கழுவ முடியாத கறை ஆகிவிட்டது. ஆரியம் என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ஆரியம் என்பது மொழிக்குத்தான், ரத்தத்துக்கோ மண்டை ஓட்டுக்கோ இல்லை என்று மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் 1888-ல் தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? ஆரியம், திராவிடம் என்று பேசி வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமா?

பாதிரியாரும் பத்திரிகைக்காரரும் பேசியதோடு போயிருந்தால் ஒருவேளை தெருச்சத்தமாக அடங்கியிருக்கும். அந்த 1879 நவம்பரில் ட்ரைட்ஷ்கே எழுதினார். பெர்லினில் வரலாற்றுப் பேராசிரியர், காது கேட்காது, ஆனால் அவர் வகுப்பில் உட்கார இடம் கிடைக்காது. (அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ்கூட 1890-களில் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறார், பாவம்.) போலந்துப் பக்கமிருந்து கால்சட்டை விற்கும் பையன்கள் வருகிறார்கள், அவர்கள் பிள்ளைகள் நாளைக்குப் பங்குச்சந்தையையும் பத்திரிகைகளையும் ஆளுவார்கள் என்று எழுதினார். பிறகு அந்த வாக்கியம்: யூதர்கள் நமது துரதிர்ஷ்டம். அதையும் தன் வாக்காகச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. நன்றாகப் படித்தவர்கள்கூட ஒரே குரலில் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று எழுதினார். ‘நானா சொல்கிறேன், ஊரே சொல்கிறது’ என்று நம் தெருவில் வம்பு பேசுவார்களே, அதே வித்தை. பின்னாளில் நாஜிக்காரர் ஸ்ட்ரைக்கர் நடத்திய ‘டெர் ஸ்டூர்மர்’ பத்திரிகை அந்த வாக்கியத்தை முதல் பக்கத்தின் அடியில் கோஷமாகப் போட்டது.

அடுத்து ஒரு மனு கிளம்பியது. யூதர்கள் நாட்டுக்குள் வருவதைக் கட்டுப்படுத்து, அரசு வேலையிலும் நீதிபதி பதவியிலும் வைக்காதே என்று. 1881-ல் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க்கிடம் கொடுத்தபோது சுமார் 2,50,000 கையெழுத்து. பெர்லினிலும் லைப்சிக்கிலும் மாணவர்கள் அலைந்து திரிந்து வாங்கியிருக்கிறார்கள். அந்த மனுவை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஃபோர்ஸ்டர்தான் பிறகு தத்துவஞானி நீட்சேவின் தங்கையைக் கட்டிக்கொண்டார். நீட்சேவுக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது.

எதிர்த்துப் பேச ஆளில்லாமல் இல்லை. ரோம வரலாற்றை எழுதி 1902-ல் நோபல் வாங்கிய மோம்சன் 1880-ல் பதில் எழுதினார். அவரும் மருத்துவ அறிஞர் விர்ச்சோவும் சேர்த்து 75 பேர் ஓர் எதிர்ப்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு நாள் சொல்லக் கூசிய பேச்சுக்கு ட்ரைட்ஷ்கே மரியாதை வாங்கிக் கொடுத்துவிட்டார் என்பதுதான் மோம்சனின் கோபம். ஆனால் அவரும் முழுதாக யூதர்கள் பக்கம் நிற்கவில்லை. ஒரு தேசத்துக்குள் நுழைய விலை உண்டு, யூதர்கள் தங்கள் தனித்தன்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். பரிந்து பேசிய மனுஷனே இப்படிச் சொன்னது படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. கடைசிக் காலத்தில், புத்திமதியால் இதைத் தீர்க்க முடியாது என்று அவரே கைவிரித்துவிட்டார். பல்கலைக்கழக முற்றத்தில் சிலையாக உட்கார்ந்திருக்கிறார், பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

விலை என்றதும் ஹாரி ப்ரெஸ்லாவ் ஞாபகம் வருகிறது. அதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய யூத வரலாற்றாசிரியர். ட்ரைட்ஷ்கேவுக்கு வெளிப்படையாகவே பதில் எழுதினார். ஆனால் தன் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்து வைத்துவிட்டார். 1879-ல் பிறந்த அவர் மகள் ஹெலன், பிறகு டாக்டர் ஆல்பர்ட் ஷ்வைட்சரைக் கட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போனவர். ஷ்வைட்சர் படத்தை நம் விடுதி அறையில் நீ ஒட்டி வைத்திருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அவர் மனைவி யார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, நிறைய எழுதிவிட்டேன். இங்கே மழை இல்லை, கிணறு பாதிதான். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. தை பிறந்ததும் வருகிறேன். அந்தச் சதுக்கத்தில் எடுத்த போட்டோவைக் கொண்டுவருகிறேன். உனக்கு ஏமாற்றமாக இருக்கும். கண்ணாடியில் மேகமும் என் ஷூவும்தான் விழுந்திருக்கின்றன, அலமாரி தெரியவில்லை.

அன்புடன்,
உன் மச்சான்